சினைப்பைக் கட்டிகளும் திடீர் வயிற்று நெருக்கடிகளும்

சினைப்பையில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை ஓசையின்றி வளர்கின்றன. அடிவயிற்றில் இடம் தாராளமாக இருக்கிறது. கட்டி பெரிதாகப் பெரிதாகக் குடல் விலகி வழிவிடுகிறது. எலுமிச்சை அளவுக் கட்டியும், சில சமயம் தேங்காய் அளவுக் கட்டியும் கூட மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்துவிடும். வேறு காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனில்தான் பல கட்டிகள் முதன்முதலாகக் கண்ணில் படுகின்றன. இந்த அமைதி சில நிமிடங்களில் குலைந்துபோவதும் உண்டு. கட்டி தன் காம்போடு முறுக்கிக்கொள்ளும்; உடைந்து உள்ளிருப்பதை வயிற்றுக்குள் கொட்டும்; அதிலிருந்து இரத்தம் பெருகும்; சீழ் பிடிக்கும்; குடலை அடைக்கும். உடனடியாக அறுவை தேவையா என்று முடிவெடுக்க வேண்டிய கடும் வயிற்றுவலியை மருத்துவர்கள் ‘திடீர் வயிற்று நெருக்கடி’ என்ற தனி வகையில் வைக்கின்றனர். பெண்களிடம் அந்த நெருக்கடிக்கு முக்கியமான காரணங்களுள் சினைப்பைக் கட்டியும் ஒன்று.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நெடுநோக்கில் உயிருக்கு ஆபத்தானது புற்றுக்கட்டி. ஆனால் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிவரச் செய்வது பெரும்பாலும் தீங்கற்ற கட்டிதான். இந்த முரணுக்கான விடை சினைப்பை அமைந்திருக்கும் விதத்தில் உள்ளது.

சினைப்பையின் அமைப்பு

வாதுமைப் பருப்பின் வடிவம் கொண்ட சினைப்பை, குழந்தை பெறும் வயதில் ஏறத்தாழ 3 செ.மீ. நீளம் இருக்கும். கருப்பையின் இருபுறமும் ஒவ்வொன்றாக, இடுப்புக்குழியில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. தொங்குதல் என்ற சொல் இங்கே உவமையாக வரவில்லை. உண்மையிலேயே அதன் நிலை அதுதான். உட்புறம் ஒரு தசைநார் அதைக் கருப்பையோடு இணைக்கிறது. வெளிப்புறம் இன்னொரு நார்மடிப்பு இடுப்புச் சுவரோடு பிணைக்கிறது. இரண்டுக்கும் நடுவே, கயிற்றில் கட்டிய ஊஞ்சல் போல, சினைப்பை ஓரளவு தாராளமாக அசைகிறது.

இரத்தம் அதற்கு இரண்டு வழிகளில் வருகிறது. வயிற்றின் பெருந்தமனியிலிருந்து, சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே பிரியும் சினைப்பைத் தமனி வெளிப்புற மடிப்பின் வழியே இறங்குகிறது. கருப்பைத் தமனியின் ஒரு கிளை உட்புறத்திலிருந்து வந்து அதனோடு சேர்கிறது. இந்த இரட்டை வழங்கல் சினைப்பைக்கு ஒரு காப்பு. ஒரு பக்கம் தடைபட்டாலும் மறுபக்கம் சிறிது நேரம் தாங்கும். முறுக்கிய சினைப்பையைக்கூடப் பல நேரங்களில் காப்பாற்ற முடிவதற்கு இது ஒரு காரணம்.

நரம்புகளின் அமைப்பும் கவனத்துக்குரியது. சினைப்பையின் வலியுணர்வு தண்டுவடத்தின் பத்தாம் மார்புப் பகுதியை ஒட்டிச் சென்று சேர்கிறது. குடல்வாலின் வலியும் அதே பகுதிக்குத்தான் போகிறது. அதனால் இரண்டிலும் வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தோன்றக்கூடும். வலப்பக்கச் சினைப்பை நோயைக் குடல்வால் அழற்சி என்று கருதி அறுவை மேசைக்குக் கொண்டுபோய், வயிற்றைத் திறந்த பிறகு உண்மை தெரியவந்த நிகழ்வுகள் பல நாடுகளிலும் பதிவாகியுள்ளன.

எந்தக் கட்டி, எந்த ஆபத்து

சினைப்பை அளவில் சிறியது. ஆனால் அதில் தோன்றும் கட்டிகளின் வகை உடலின் வேறு பல உறுப்புகளைவிட அதிகம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வகைப்பாடு அவற்றை, தோன்றும் திசுவை வைத்துப் பிரிக்கிறது. மேலுறைத் திசுவிலிருந்து வருபவை முதல் வகை. நீர் நிறைந்த கட்டிகளும் கொழகொழப்பான சளிமம் நிறைந்த கட்டிகளும், வயது முதிர்ந்த பெண்களுக்கு வரும் பெரும்பாலான சினைப்பைப் புற்றுகளும் இதில் அடங்கும். முட்டை அணுக்களிலிருந்து வருபவை இரண்டாம் வகை. இளம்பெண்களிடம் இவையே மிகுதி. இயக்குநீர் சுரக்கும் அணுக்களிலிருந்தும் இணைப்புத்திசுவிலிருந்தும் வருபவை மூன்றாம் வகை. இரைப்பை, பெருங்குடல், மார்பகம் போன்ற உறுப்புகளின் புற்று பரவி வந்து சினைப்பையில் தங்குவதும் உண்டு. இப்படிப் பரவிய ஒரு வகையை 1896-இல் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் க்ரூக்கன்பெர்க்கின் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது.

இவற்றோடு, உண்மையான கட்டி என்று சொல்ல முடியாத, கட்டி போன்ற வீக்கங்களும் உள்ளன. ஒவ்வொரு மாதமும் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் சில சமயம் நீர் அல்லது இரத்தம் தேங்கிப் பெருக்கிறது. கருப்பையின் உள்வரிச்சவ்வு இடம் மாறிச் சினைப்பையில் வளர்ந்தால், மாதந்தோறும் கசியும் இரத்தம் வெளியேற வழியின்றிப் பழுப்பு நிறக் குழம்பாகத் தேங்குகிறது. இதையே ‘சாக்லேட் சிஸ்ட்’ என்கின்றனர்.

தமிழில் இவை அனைத்தையும் ‘நீர்க்கட்டி’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. மாதவிடாய் ஒழுங்கின்மையோடு தொடர்புடைய பிசிஓஎஸ் குறைபாட்டையும் மக்கள் நீர்க்கட்டி என்றே சொல்கின்றனர். அந்தக் குறைபாட்டில் ஸ்கேனில் தெரியும் குமிழிகள் சில மில்லிமீட்டர் அளவே உள்ள, முதிராத முட்டைப்பைகள். அவை உடைந்து நெருக்கடி உண்டாக்கும் கட்டிகள் இல்லை. தோல், முடி போன்றவை அடங்கிய 8 செ.மீ. டெர்மாய்டு கட்டிக்கும் இந்தக் குமிழிகளுக்கும் ஒரே பெயர் இருப்பதால், சிலர் வீணாக அஞ்சுகின்றனர். வேறு சிலர் அஞ்ச வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருந்துவிடுகின்றனர். ‘நீர்க்கட்டி இருக்கிறது’ என்று கேட்டதும் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: எந்த வகை, எவ்வளவு பெரியது, உள்ளே இருப்பது என்ன.

முறுக்கம்

சினைப்பை தன்னைத் தாங்கும் தசைநார்களைச் சுற்றிச் சுழன்று முறுக்கிக்கொள்வதே இந்நெருக்கடிகளுள் மிகவும் தனித்தன்மை கொண்டது. பெரும்பாலும் கருக்குழாயும் சேர்ந்தே முறுக்குகிறது. வியன்னாவைச் சேர்ந்த நோய்க்கூற்றியல் அறிஞர் கார்ல் ரோக்கிட்டான்ஸ்கி 1860-களிலேயே இதை விவரித்து எழுதினார். 1985-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மகளிர் நோய்த் துறையின் அறுவை நெருக்கடிகளில் 2.7 விழுக்காடு முறுக்கமாக இருந்தது. வரிசையில் அதற்கு ஐந்தாம் இடம். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் காலம் தாழ்ந்தால் ஓர் உறுப்பே போய்விடும் என்பதால் அதன் கனம் பெரிது.

முறுக்கம் ஏற்படப் பளு வேண்டும்; சுழல இடமும் வேண்டும். 5 செ.மீ.க்கு மேல் பருத்த கட்டி சினைப்பையின் ஒரு பக்கத்தைக் கனமாக்கி, ஊஞ்சலைச் சரியச் செய்கிறது. மிகப் பெரிய கட்டிகள் இடுப்புக்குழி முழுவதையும் அடைத்துக்கொள்வதால் அவற்றுக்குச் சுழல இடம் குறைவு. ஆகவே நடுத்தர அளவுக் கட்டிகளே அதிகம் முறுக்குகின்றன. புற்றுக்கட்டி, சாக்லேட் சிஸ்ட், பழைய தொற்று ஆகியவை சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டுதலை உண்டாக்குகின்றன, ஒட்டிக்கொண்டது சுழலாது. வழவழப்பான உறையோடு எதிலும் ஒட்டாமல் நிற்கும் தீங்கற்ற கட்டிக்கு அந்தத் தடை கிடையாது. முறுக்கிய கட்டிகளில் புற்று மிகக் குறைவாகவே காணப்படுவதற்கு விளக்கம் இதுதான்.

வலப்பக்கம் முறுக்குவது இடப்பக்கத்தைவிட அதிகம். ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு என்ற அளவில். இடப்பக்க இடுப்பில் பெருங்குடலின் வளைந்த பகுதி இடத்தை அடைத்துக்கொண்டு சினைப்பையைச் சுழலவிடாமல் தடுக்கிறது. வலப்பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

முறுக்கிக்கொள்ளும் கட்டிகளில் டெர்மாய்டுக்குத் தனியிடம் உண்டு. முட்டை அணுவிலிருந்தே தோன்றுவதால் இதற்குள் தோல், முடி, கொழுப்பு, எலும்பு, சில சமயம் பல் கூட இருக்கும். பத்துப் பேரில் ஒருவருக்கு இரண்டு சினைப்பைகளிலும் இருக்கலாம். டெர்மாய்டு உள்ளவர்களில் 3 முதல் 16 விழுக்காட்டினருக்கு முறுக்கம் ஏற்படுவதாக வெவ்வேறு மருத்துவத் தொகுப்புகள் குறிக்கின்றன. அதன் சிக்கல்களில் அடிக்கடி நேர்வது இதுவே. புற்றாக மாறுவது 1 முதல் 2 விழுக்காடு மட்டுமே, அதுவும் பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு.

முறுக்கியதும் நடப்பவை ஒரு வரிசையில் நடக்கின்றன. மெல்லிய சுவர் கொண்ட சிரைகளும் நிணநீர்க் குழாய்களும் முதலில் அமுங்குகின்றன. தமனியின் சுவர் தடிப்பானது. அழுத்தம் மிகுந்த இரத்தம் அதன் வழியே இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கும். உள்ளே வரும் இரத்தம் வெளியேற வழியில்லாமல் சினைப்பை வீங்கிக் கன்றிக் கருநீலமாகிறது. வீங்க வீங்க முறுக்கு இறுகுகிறது. கடைசியில் தமனியும் அடைபட, திசு அழியத் தொடங்குகிறது. எத்தனை மணி நேரத்தில் அழிவு முழுமையாகும் என்று ஒரே எல்லை சொல்ல முடியாது. முறுக்கு எவ்வளவு இறுகியது, எத்தனை சுற்று என்பவற்றைப் பொறுத்து அது மாறும். முதல் சில மணி நேரத்தில் பிரித்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஒரு நாளைக் கடந்த பின்னும் பிழைத்த சினைப்பைகள் உண்டு.

வலி திடீரென்று, ஒரு பக்க அடிவயிற்றில் தொடங்குகிறது. குனிந்து நிமிர்ந்தபோதோ, உடற்பயிற்சியின்போதோ, படுக்கையில் புரண்டபோதோ தொடங்கியதாக நோயாளிகள் சொல்வதுண்டு. பத்தில் ஏழு பேருக்குக் குமட்டலோ வாந்தியோ சேர்ந்து வருகிறது. கட்டி சிறிது முறுக்கித் தானே விடுவித்துக்கொண்டால் வலி வந்து வந்து போகும். மறுபடியும் வராது என்று நோயாளி நம்பியிருக்கும் வேளையில் முழு முறுக்கம் ஏற்படுவதுண்டு. காய்ச்சல் தொடக்கத்தில் இருக்காது. இருந்தால் திசு அழியத் தொடங்கிவிட்டது என்றோ, தொற்று என்றோ ஐயப்பட வேண்டும். ‘சூட்டு வலி’, ‘வாயுப் பிடிப்பு’, ‘மாதவிடாய் வலி’ என்று வீட்டில் வைத்துக் கஷாயம் கொடுப்பதில் கழியும் மணிகள் பெரும்பாலும் இந்த முதல் மணிகளே.

உடைதலும் இரத்தப் பெருக்கும்

கட்டி உடைந்தால் என்ன ஆகும் என்பதை அதற்குள் இருப்பது தீர்மானிக்கிறது. தெளிந்த நீர் மட்டும் உள்ள சிறிய கட்டி உடைந்தால் சில மணி நேரம் வலித்துவிட்டு, நீர் உடலுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். மருத்துவமனைக்கே வராமல் முடிந்துபோகும் நிகழ்வுகளும் நிறைய.

மஞ்சள் உடலத்தில் உண்டாகும் வீக்கத்தின் கதை வேறு. அதன் சுவரில் இரத்தக் குழாய்கள் செறிந்திருக்கின்றன. மாதச் சுழற்சியின் பிற்பாதியில், குறிப்பாக 20-ஆம் நாளுக்குப் பிறகு, அது உடைந்து இரத்தம் பெருகுவது இளம்பெண்களிடம் காணப்படும் நெருக்கடி. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களுக்கும், பிறவியிலேயே இரத்த உறைவுக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இது உயிராபத்தாகக்கூடும். வயிற்றுக்குள் தேங்கும் இரத்தம் மேலே ஏறி உதரவிதானத்தை உறுத்தினால், தோள்பட்டை நுனியில் வலி தோன்றும். அடிவயிற்று நோய்க்குத் தோள் வலிப்பது விந்தையாகத் தெரியலாம். உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே தண்டுவடப் பகுதியிலிருந்து கிளம்புவதுதான் காரணம். இளம் உடல் இரத்த இழப்பை நெடுநேரம் ஈடுகட்டும். மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு போன பிறகுதான் படுத்த நிலையில் இரத்த அழுத்தம் சரியத் தொடங்குகிறது. அதற்கு வெகுமுன்பே நாடி விரைவாகத் துடிக்கும். ஆகவே இரத்த அழுத்தம் சரியாக இருப்பதை மட்டும் வைத்து ஆறுதல் கொள்ளக் கூடாது.

உண்மைக் கட்டிகளில், இயக்குநீர் சுரக்கும் கிரானுலோசா அணுக்கட்டி இரத்தம் பெருகுவதற்குப் பெயர்பெற்றது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பதால், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு மீண்டும் உதிரப்போக்கையும், சிறுமிக்கு முன்கூட்டிய பூப்பையும் இது உண்டாக்கக்கூடும். இரத்தக்குழாய்கள் நிறைந்த இந்தக் கட்டி உடைந்து வயிறு இரத்தத்தால் நிரம்பிய நிலையில்தான் சிலரிடம் நோயே முதலில் வெளிப்படுகிறது.

டெர்மாய்டின் சுவர் தடிப்பானது. எனவே அது உடைவது அரிது. உடைந்தால், உள்ளிருக்கும் கொழுப்புக் குழம்பும் முடியும் வயிற்றின் உள்ளுறையைக் கடுமையாக உறுத்துகின்றன. கிருமியே இல்லாமல் வேதிப்பொருளால் உண்டாகும் இந்த அழற்சியில் வயிறு பலகையாக இறுகிவிடும். சிறிது சிறிதாகக் கசிந்தால் வாரக்கணக்கில் நீடித்து, குடல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். சாக்லேட் சிஸ்ட் உடைந்தாலும் பழைய இரத்தக் குழம்பு இதே போன்ற அழற்சியை ஏற்படுத்துகிறது.

புற்றுக்கட்டி உடைவதில் இன்னொரு தீங்கும் சேர்கிறது. ஒரு சினைப்பைக்குள் மட்டும் அடங்கியிருந்த புற்றின் அணுக்கள் வயிறெங்கும் சிதறக்கூடும். பன்னாட்டு மகளிர் நோய், மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2014-இல் வெளியிட்ட நிலைப் பகுப்பின்படி, உறை சிதையாத கட்டி ‘1ஏ’ நிலையில் இருக்கும். அறுவைக்கு முன்பே உடைந்திருந்தால் அது ‘1சி2’ ஆகிறது. அறுவையின்போது உடைந்தால் ‘1சி1’. ஒரே கட்டிக்கு, உடைந்ததன் காரணமாகவே, மேற்கொண்டு மருந்துச் சிகிச்சை தேவைப்படலாம்.

தொற்றும் அடைப்பும்

தேங்கிய நீரிலோ அழிந்த திசுவிலோ கிருமி சேர்ந்தால் கட்டி சீழ்க்கட்டியாகிறது. கருக்குழாயில் தொடங்கி மேலேறும் தொற்று சினைப்பையையும் சேர்த்துச் சீழ்த்திரளாக்குவது இதைவிடப் பரவலானது. காய்ச்சல், நடுக்கம், அடிவயிறு முழுவதும் வலி என்று அது வெளிப்படும். சீழ்த்திரள் வயிற்றுக்குள் உடைவது மரணத்தில் முடியக்கூடிய நிகழ்வு.

முதிர்ந்த சினைப்பைப் புற்றில் நெருக்கடி வேறு வடிவில் வருகிறது. வயிற்றின் உள்ளுறையெங்கும் பரவிய புற்று, குடலைப் பல இடங்களில் இறுக்கி அடைக்கிறது. வயிறு உப்பி, மலமும் காற்றும் வெளியேறாமல், பச்சை நிற வாந்தியோடு நோயாளி வருகிறார். இந்தியப் பெண்களிடம் மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக அதிகம் காணப்படுவது சினைப்பைப் புற்று என்று உலகப் புற்றுநோய்த் தரவுத்தொகுப்பான குளோபோகானின் 2020 கணக்கீடு கூறுகிறது. அதில் பெரும்பகுதி பரவிய பிறகே கண்டுபிடிக்கப்படுவதால், குடலடைப்போ வயிற்றில் நீர்த்தேக்கமோ முதல் அறிகுறியாக வருவது அரிதன்று. பெரிய கட்டிகள் சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க்குழாயையும் அழுத்திச் சிறுநீர் முழுவதுமாக அடைபடச் செய்வதும் உண்டு.

வயதும் கர்ப்பமும்

பூப்படையாத சிறுமிகளிடம், கட்டியே இல்லாத சினைப்பையும் முறுக்கிக்கொள்ளும்; அந்த வயதில் தாங்கும் தசைநார் உறுப்பின் அளவோடு ஒப்பிட நீளமானது. சிறுமியால் வலியைச் சரியாகச் சொல்ல முடியாததாலும், சினைப்பை என்ற எண்ணமே பெரியவர்களுக்குத் தோன்றாததாலும் காலம் தாழ்கிறது. பதின்பருவத்தில் வரும் சினைப்பைப் புற்றுகளில் முட்டை அணுக் கட்டிகளே முதன்மையானவை. இவற்றுள் சில வாரங்களுக்குள் பெருத்து, உடைந்தோ முறுக்கியோ வயிற்று நெருக்கடியாகவே வெளிப்படும். நல்வாய்ப்பாக, மருந்துச் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும் புற்றுகளில் இவையும் அடங்கும்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களிலும் முறுக்கத்தின் வாய்ப்பு கூடுகிறது. வளரும் கருப்பை சினைப்பையை மேலே தூக்கி இடம் மாற்றுவதும், பிரசவத்தின் பின் அது திடீரெனச் சுருங்குவதும் இதற்குக் காரணங்கள். குழந்தைப்பேறு சிகிச்சையில் முட்டைகளைத் தூண்ட ஊசி போடும்போதும் சினைப்பை பெருத்து முறுக்கலாம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் மஞ்சள் உடலமே கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. பத்தாம் வாரத்துக்கு முன் அதை அகற்ற நேர்ந்தால், அந்த இயக்குநீரை மருந்தாகத் தர வேண்டும். அறுவை கருவைப் பாதிக்கும் என்ற அச்சத்தில் தள்ளிப்போடுவதைவிட, தேவைப்படும்போது செய்துவிடுவதே தாய்க்கும் கருவுக்கும் நல்லது.

மாதவிடாய் நின்ற பிறகு முறுக்கம் குறைவு. ஆனால் நேர்ந்தால் புற்று இருக்கும் வாய்ப்பு இளவயதைவிட அதிகம். ஆகையால் அவ்வயதில் சினைப்பையைக் காப்பாற்ற முயல்வதைவிட முழுதாக அகற்றுவதே பெரும்பாலும் வழக்கம்.

கண்டறிதல்

குழந்தை பெறும் வயதிலுள்ள பெண் வயிற்றுவலியோடு வந்தால் முதல் சோதனை கர்ப்பச் சோதனை. கருக்குழாயில் தங்கிய கரு உடைவது சினைப்பைக் கட்டி போலவே தோன்றும். உயிர்பறிக்கும் வேகம் அதற்கு அதிகம். முட்டை அணுப் புற்றுகளில் சில எச்சிஜி இயக்குநீரைச் சுரப்பதால், கர்ப்பமே இல்லாதவருக்கும் இந்தச் சோதனை நேர்மறையாக வரக்கூடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். குடல்வால் அழற்சி, சிறுநீர்க்குழாய்க் கல், கருப்பை நார்க்கட்டிச் சிதைவு, இடுப்புத் தொற்று ஆகியவை அடுத்துச் சிந்திக்க வேண்டியவை.

ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்டு, முதல் கருவி. கட்டியின் அளவு, உள்ளிருப்பு, வயிற்றில் நீர் அல்லது இரத்தம் உள்ளதா என்பவற்றை அது காட்டும். முறுக்கிய சினைப்பை வீங்கியும், முட்டைப்பைகள் ஓரத்தில் முத்துமாலை போல் ஒதுங்கியும் தெரியும். இரத்தக்குழாய்க் காம்பு நீர்ச்சுழல் போல் சுருண்டிருப்பது தெரிந்தால் ஐயம் பெரிதும் நீங்கும். நுட்பமான பொறி ஒன்று இங்கே உள்ளது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் சோதனையில் ஓட்டம் தெரிந்தால் முறுக்கம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. தமனி கடைசியில்தான் அடைபடுகிறது. இரட்டை வழங்கலால் ஒரு வழி திறந்தே இருக்கலாம். அறுவையில் முறுக்கம் உறுதியான பலரிடம் முன்னதாக டாப்ளர் ஓட்டம் இயல்பாகவே இருந்திருக்கிறது.

சி.டி. ஸ்கேன் டெர்மாய்டின் கொழுப்பையும் பல்லையும் தெளிவாகக் காட்டும். குடலடைப்பையும் குடல்வாலையும் காணவும் உதவும். சினைப்பைப் புற்றை ஐயுறும்போது செய்யும் சிஏ-125 என்ற இரத்தச் சோதனை நெருக்கடி வேளையில் பெரிதும் பயன்படுவதில்லை. மாதவிடாய், கர்ப்பம், சாக்லேட் சிஸ்ட், எந்த வகை வயிற்றுறை அழற்சி என எல்லாவற்றிலும் அது உயரும். சிறுமிகளிடமும் இளம்பெண்களிடமும் திடக்கட்டி தெரிந்தால், அறுவைக்கு முன் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம், எச்சிஜி, எல்டிஎச் ஆகிய புற்றுக் குறிகாட்டிகளுக்கு இரத்தம் எடுத்துவைப்பது பின்னாளில் மிகவும் உதவும். முடிவு வரும்வரை அறுவையைக் காக்கவைக்க வேண்டியதில்லை. எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகும், முறுக்கத்தை உறுதிசெய்வது நேரில் பார்ப்பது மட்டுமே. எனவே வலுவான ஐயமே அறுவைக்குப் போதுமான காரணம்.

அறுவை: அகற்றுவதிலிருந்து காப்பதை நோக்கி

சினைப்பைக் கட்டிதான் வயிற்று அறுவை என்ற துறைக்கே வாசலைத் திறந்தது. 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள டான்வில் என்ற சிற்றூரில், எஃப்ரேம் மெக்டவல் என்ற மருத்துவர் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து, ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள சினைப்பைக் கட்டியை அகற்றினார். அந்த வீக்கத்தைப் பிற மருத்துவர்கள் கர்ப்பம் என்று கருதியிருந்தனர். கிராஃபோர்டு 60 மைல் தொலைவைக் குதிரையில் கடந்து வந்தார். மயக்கமருந்து அறிமுகமாக இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. அறுவை 25 நிமிடங்களில் முடிந்தது. அவர் பிழைத்து மேலும் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். வயிற்றைத் திறந்தால் மரணம் உறுதி என்ற அக்கால நம்பிக்கையை உடைத்த முதல் வெற்றிகளுள் இதுவும் ஒன்று.

அதன்பின் நெடுங்காலம் முறுக்கிய சினைப்பைக்கு ஒரே தீர்வு அகற்றுவதாகவே இருந்தது. முறுக்கைப் பிரித்தால், சிரையில் உறைந்த இரத்தக்கட்டி கிளம்பி நுரையீரலை அடைக்கும் என்று அறுவை மருத்துவர்கள் அஞ்சினர். அதனால் பிரிக்காமலே காம்பைக் கட்டி வெட்டினர். 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தொகுக்கப்பட்ட அனுபவங்கள் இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டின. பிரித்தவர்களிடம் நுரையீரல் அடைப்பு கூடுதலாக நேரவில்லை. கருநீலமாக, செத்துவிட்டது போல் தெரிந்த சினைப்பையும் பிரித்த பின் பெரும்பாலும் மீண்டது. பின்னர் எடுத்த ஸ்கேன்களில் அதில் முட்டைப்பைகள் வளர்ந்திருந்தன. நிறத்தைப் பார்த்து மட்டும் ஓர் உறுப்பை வெட்டக் கூடாது என்பது இன்று ஏற்கப்பட்ட நெறி. அமெரிக்க மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர் கல்லூரி 2019-இல் பதின்பருவத்தினருக்கான வழிகாட்டுதலில், முறுக்கைப் பிரித்துச் சினைப்பையைக் காப்பதையே வலியுறுத்தியது.

இன்று இந்த அறுவை பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில், சில சிறு துளைகள் வழியே நடக்கிறது. முறுக்கைப் பிரித்ததும் கட்டியை மட்டும் உரித்தெடுக்கலாம். திசு மிகவும் வீங்கியிருந்தால் பிரித்ததோடு நிறுத்தி, சில வாரங்கள் கழித்து ஸ்கேன் செய்து, கட்டியைப் பின்னொரு நாளில் எடுப்பது நல்லது. உடைந்த டெர்மாய்டாக இருந்தால் வயிற்றை ஏராளமான இளஞ்சூட்டு உப்புநீரால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். மஞ்சள் உடலத்திலிருந்து இரத்தம் கசிந்து, நாடியும் இரத்த அழுத்தமும் இரத்த அளவும் நிலையாக இருந்தால், அறுவையே இல்லாமல் கண்காணித்துக் குணப்படுத்தலாம். நிலை சரிந்தால் இரத்தம் ஏற்றிக்கொண்டே உடனே திறக்க வேண்டும்.

புற்று என்ற ஐயம் எழுந்தால் அறுவையின் நோக்கம் மாறுகிறது. வயிற்றிலுள்ள நீரை அணுச் சோதனைக்கு எடுத்துவைக்க வேண்டும். கட்டியை உடையாமல், பைக்குள் வைத்து வெளியே எடுக்க வேண்டும். வயிற்றின் பிற பகுதிகளைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். நள்ளிரவில், புற்று அறுவையில் தேர்ந்தவர் இல்லாத இடத்தில், எல்லாவற்றையும் ஒரே அறுவையில் முடிக்க முயல்வது நோயாளிக்கு நன்மையைவிடத் தீமையே செய்யக்கூடும். நெருக்கடியைத் தீர்த்து, திசுச் சோதனை முடிவு வந்தபின் தேர்ந்த மையத்துக்கு அனுப்புவதே பாதுகாப்பானது. குழந்தை பெறாத இளம்பெண்ணுக்கு, ஒரு பக்கத்தோடு நின்ற முட்டை அணுப் புற்றில் மறு சினைப்பையையும் கருப்பையையும் விட்டுவைப்பது பெரும்பாலும் இயலும்.

ஏற்கெனவே கட்டி இருப்பதாகத் தெரிந்த பெண் கடைப்பிடிக்க வேண்டியவை எளியவை. மருத்துவர் குறித்த இடைவெளியில் ஸ்கேனைத் திரும்ப எடுக்க வேண்டும். பழைய ஸ்கேன் அறிக்கையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். திடீரென ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலி, வாந்தி, மயக்கம், தோள்பட்டை வலி ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டு மருந்தில் நேரம் போக்காமல், அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகச் செல்ல வேண்டும். வலி தானாகக் குறைந்துவிட்டாலும் அன்றே காட்டிவிடுவது நல்லது. முறுக்கிய சினைப்பையில் வலி அடங்குவது, முறுக்கு விடுபட்டதால் மட்டும் நேர்வதில்லை. திசு செத்துவிட்டதாலும் நேரலாம்.